பெத்தி பாஸே கிரிஃபோன் வாந்தேயன்: பெயரின் நான்கு சொற்களைக் கொண்டு ஒரு வேட்டைநாயை இனங்காணும் முறை

கலைந்த தலையும் தாடியும் மீசையுமாக, சற்று முன்புதான் ஏதோ ஒரு புதரிலிருந்து வெளியே வந்ததுபோல நிற்கும் குட்டைக்கால் நாயின் படத்தைப் பார்ப்பவர்கள், முதலில் அதனைக் கலப்பின நாய் என்றோ டெரியர் வகை என்றோதான் எண்ணுவார்கள். அது இரண்டுமன்று. பிரான்ஸின் மேற்குக் கடற்கரையை ஒட்டிய வாந்தே பகுதியில், முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுக்கப்பட்ட பெத்தி பாஸே கிரிஃபோன் வாந்தேயன் என்னும் இனம் அது. பெயரின் நீளத்துக்கு அஞ்சி ஆங்கிலம் பேசும் நாடுகளில் முதலெழுத்துகளை மட்டும் சேர்த்துப் பிபிஜிவி என்று சுருக்கிவிட்டார்கள். நாவுக்கு அது எளிதுதான். ஆனால் இனத்தை அறிய விரும்புபவருக்கு அந்தச் சுருக்கம் எதையும் சொல்வதில்லை. முழுப்பெயரோ நாயின் ஊர், ரோமம், கால், அளவு ஆகிய நான்கையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறது.

பிரெஞ்சு வேட்டைநாய்களின் பெயரைப் பின்னிருந்து முன்னாகப் படிப்பது நல்லது. வாந்தேயன் என்பது நிலத்தையும், கிரிஃபோன் என்பது முரட்டு ரோமத்தையும், பாஸே என்பது தாழ்ந்த கால்களையும், பெத்தி என்பது சிறிய அளவையும் குறிக்கின்றன. இந்த வரிசையில் ஒவ்வொரு சொல்லையும் எடுத்துக்கொண்டு, அதற்குரிய சோதனையை நாயின் உடலில் செய்து பார்த்தால், படங்களை மட்டும் பார்த்துக் குழம்பும் நிலை வராது. கட்டுரை முழுவதிலும் ஒரே ஒரு காட்சியை மனத்தில் நிறுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்: இடுப்பளவு உயர்ந்த முட்புதர், அதனுள் பதுங்கியிருக்கும் முயல், வெளியே துப்பாக்கியுடன் காத்து நிற்கும் மனிதர். இந்த நாயின் உடலில் உள்ள ஏறக்குறைய ஒவ்வோர் உறுப்பும் அந்தப் புதருக்குச் சொல்லப்பட்ட விடைதான்.

தொடங்குமுன் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்ச் செய்திகளில் மோப்ப நாய் என்றால் காவல்துறை வெடிகுண்டையோ குற்றவாளியையோ தேடப் பழக்கிய நாய் என்றே பொருள். அது எந்த இனமாகவும் இருக்கலாம். இங்கே பேசப்படுவது பயிற்சியைப் பற்றியதன்று, பிறப்பைப் பற்றியது. இரையைக் கண்ணால் கண்டு பாய்ந்து பிடிக்கும் நாய்கள் ஒருவகை. இரை கடந்துபோன தடத்தின் வாசனையை மூக்கால் பற்றிக்கொண்டு, குரைத்துக்கொண்டே விடாமல் தொடரும் நாய்கள் மற்றொரு வகை. நம் நாய் இரண்டாம் வகை. எஃப்.சி.ஐ. எனப்படும் பன்னாட்டு நாய் இன அமைப்பு இந்த வகையை 6ஆம் குழுவில் வைத்திருக்கிறது. அதில் பெத்தி பாஸேயின் வரையறை எண் 67.

வாந்தேயன்: ஊரை அறிதல்

வாந்தே என்பது லுவார் ஆற்றின் தெற்கே, அட்லாண்டிக் கரையில் அமைந்த மாவட்டம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1790இல் நாடு மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டபோதுதான் அந்தப் பெயர் நிலைத்தது; அதற்குமுன் அது போய்த்து மாகாணத்தின் தாழ்பகுதி. அங்கே நிலம் பரந்த வயல்வெளியாகக் கிடப்பதில்லை. சிறு சிறு வயல்களும் அவற்றைச் சுற்றி மண்மேடிட்டு வளர்த்த உயிர்வேலிகளும், இடையிடையே முள்ளடர்ந்த பழப்புதர்களும், மஞ்சள் பூப் பூக்கும் முட்செடிகளுமாக அமைந்த அந்த நிலக்காட்சியைப் பிரெஞ்சில் பொக்காழ் என்பார்கள். நெட்டைக்கால் நாய் அந்த வேலிகளுக்குள் நுழையத் தயங்கும். மெல்லிய தோலும் குட்டை ரோமமும் உடைய நாய் நுழைந்தால் கிழிபட்டு வெளியே வரும்.

இந்த நிலத்தில் ஒரே ரத்தத்திலிருந்து நான்கு அளவுகளில் நாய்கள் உருவாக்கப்பட்டன. மூத்தது 60 முதல் 68 செ.மீ. வரை உயரமுள்ள கிராந் கிரிஃபோன் வாந்தேயன் (கிராந் என்றால் பெரியது). ஓநாயையும் காட்டுப்பன்றியையும் துரத்துவதற்கு உரியது. அடுத்தது 48 முதல் 55 செ.மீ. வரை உள்ள பிரிக்கே. மூன்றாவது கிராந் பாஸே, பெரும்பாலும் பெருமுயலுக்கானது. கடைசியானது நம் பெத்தி பாஸே. பிரெஞ்சு வேட்டைக்காரர்கள் முயலை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்: வெட்டவெளியில் தனித்து வாழ்ந்து நெடுந்தூரம் ஓடக்கூடிய பெருமுயல் வேறு, வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்து புதருக்குப் புதர் தாவி ஒளியும் சிறிய வளைமுயல் வேறு. பெத்தி பாஸே வளைமுயலின் நாய். ஆகவே ஒரு பெத்தி பாஸேயைப் பார்க்கும்போது, அதனைத் தனித்த ஒரு வினோதமாகக் கருதாமல், நால்வரில் இளையவன் என்று கருதினால் அதன் தலையமைப்பும் ரோமமும் குரலும் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும்.

கிரிஃபோன்: ரோமத்தைத் தொட்டு அறிதல்

பிரெஞ்சு நாய்ப் பெயர்களில் கிரிஃபோன் என்று வந்தால் முரட்டு ரோமம் என்று பொருள்கொள்ளலாம். இச்சொல்லுக்கு ஒரு பழங்கதையும் உண்டு: 15ஆம் நூற்றாண்டில் அரசரின் வெள்ளை வேட்டைநாய் ஒன்றை அரண்மனை எழுத்தர் ஒருவருடைய பெண் நாயுடன் இணைசேர்த்ததாகவும், எழுத்தருக்குப் பிரெஞ்சில் கிரெஃபியே என்று பெயர் என்பதால் அந்த வழிவந்த நாய்கள் கிரெஃபியே எனப்பட்டதாகவும், அதுவே பின்னர் கிரிஃபோன் எனத் திரிந்ததாகவும் கூறுவர். வேட்டைக்காரர்கள் சொல்லும் சொற்பிறப்புகளை நான் பொதுவாகச் சற்றுத் தள்ளிவைத்தே கேட்பேன். ஆனாலும் இந்த இனங்களின் வேர் அரசரின் வெள்ளை நாய்களில் இருக்கிறது என்ற மரபான நம்பிக்கை இக்கதையில் பதிந்திருக்கிறது.

ரோமத்தைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்யக் கூடாது, தொட்டுப் பார்க்க வேண்டும். நாயின் முதுகில் தோளுக்குப் பின்னால் உள்ள ஒரு கற்றையை ஆள்காட்டி விரலுக்கும் பெருவிரலுக்கும் இடையே பிடித்து மெல்ல உருட்டிப் பாருங்கள். துடைப்பக் குச்சி அளவுக்கு இல்லாவிட்டாலும், விரலில் ஒரு சொரசொரப்பும் விறைப்பும் தெரிய வேண்டும். பட்டுபோல நழுவினால் தவறு. கம்பளிபோலச் சுருண்டு ஒட்டினாலும் தவறு. பிறகு ரோமத்தை எதிர்த்திசையில் விலக்கினால், விறைத்த மேல்ரோமத்துக்கு அடியில் தோலை ஒட்டி அடர்த்தியான மென்மையான உள்ரோமம் தெரியும். மேல்ரோமம் முள்ளைத் தடுப்பதற்கு, உள்ரோமம் ஈரத்தையும் குளிரையும் தடுப்பதற்கு. பட்டு ரோமம் ஏன் குறை என்று கேட்டால் விடை புதருக்குள் இருக்கிறது: மென்ரோமத்தில் முள்ளும் ஒட்டுவிதைகளும் சிக்கிக்கொண்டு திரளும், நாய் நடுப்புதரில் மாட்டிக்கொள்ளும், விறைத்த ரோமமோ முள்ளை வழுக்கிவிட்டுவிடும்.

ரோமம் மிக நீளமாகவும் இருக்கக் கூடாது. நெற்றியிலிருந்து விழும் ரோமம் கண்ணை முழுவதும் மூடாமல், முன்னோக்கி வளைந்து ஒரு கூரைபோல நிற்க வேண்டும். கண்ணுக்குள் முள் குத்தாமல் இருக்க அமைந்த கூரை அது. தாடியும் மீசையும் உண்டு. காட்சிப் போட்டிகளுக்காகச் சிலர் இந்த ரோமத்தைக் கத்தரித்து ஒழுங்குபடுத்திப் பொம்மைபோல ஆக்கிவிடுகிறார்கள். 2013இல் இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் போட்டியிலும் 2023இல் அமெரிக்காவின் வெஸ்ட்மின்ஸ்டர் போட்டியிலும் இந்த இனத்து நாய்கள் முதலிடம் பெற்றபின் அந்த ஆசை கூடியிருக்கலாம். ஆனால் இனத்தின் இயல்பே சீவப்படாத தோற்றம்தான். கத்தரியால் செதுக்கிய பெத்தி பாஸேயைக் கண்டால், உள்ளே இருக்கும் ரோமம் மென்மையானதாக இருக்குமோ, அதை மறைக்கத்தான் இத்தனை வேலையோ என்று ஐயுறுவதில் தவறில்லை.

நிறத்தை அறிவது எளிது. வெள்ளையுடன் கறுப்பு, வெள்ளையுடன் செம்பழுப்பு, இம்மூன்றும் சேர்ந்தது, கறுப்புடன் செம்பழுப்பு, செம்பழுப்பின் மேல் கறுப்புப் போர்வை போர்த்தியதுபோன்றது எனப் பல உண்டு. பிரெஞ்சு வேட்டைக்காரர்களின் பேச்சில் சில கலவைகளுக்கு முயல் ரோமம், ஓநாய் ரோமம், பேட்ஜர் (வளை தோண்டி வாழும் ஒரு விலங்கு) ரோமம், காட்டுப்பன்றி ரோமம் என்று பெயர். நாய் எவற்றைத் துரத்துகிறதோ அவற்றின் பெயராலேயே நாயின் நிறத்தை அழைப்பது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். குட்டியாக இருக்கையில் அடர்ந்து தெரியும் நிறம் வளர வளர வெளிறக்கூடும் என்பதால், நிறத்தை மட்டும் பார்த்துக் குட்டியைத் தேர்வது வீண்.

பாஸே: கால்களை அறிதல்

பா என்றால் பிரெஞ்சில் தாழ்ந்தது; பாஸே அதிலிருந்து வந்த சொல். தாழ்ந்த கால்களையுடைய பிரெஞ்சு வேட்டைநாய்கள் உயரமானவற்றிலிருந்து வேறுபட்ட குலமல்ல. உயரமான வேட்டைநாய்களின் ஈற்றிலேயே அவ்வப்போது கால் குட்டையாகப் பிறக்கும் குட்டிகளைத் தேர்ந்து பெருக்கியதால் உண்டானவை. இதன் காரணத்தை மரபணு ஆய்வு 2009இல் வெளிப்படுத்தியது: எஃப்.ஜி.எஃப்.4 என்னும் வளர்ச்சி மரபணுவின் கூடுதல் படி ஒன்று குட்டைக்கால் இனங்களில் காணப்படுகிறது. கால் எலும்புகளின் நீள்வளர்ச்சி அதனால் சீக்கிரம் நின்றுவிடுகிறது. தலையும் உடலும் பெரிய நாய்க்குரியனவாகவே இருக்க, கால்கள் மட்டும் தாழ்ந்துபோவதன் காரணம் இதுவே.

போய்த்து மாகாணத்தைச் சேர்ந்த ழாக் து ஃபூயூ 1561இல் வெளியிட்ட வேட்டை நூலிலேயே பாஸே நாய்கள் பேசப்படுகின்றன. நரியையும் பேட்ஜரையும் வளைக்குள் சென்று எதிர்கொள்ளும் நாய்களாக அவர் அவற்றைக் காட்டுகிறார். ஆனால் பாஸேக்களின் காலம் பிறந்தது பின்னர்தான். 1789 ஆகஸ்டில் பிரெஞ்சுத் தேசிய மன்றம் பிரபுக்களின் தனியுரிமைகளை ஒழித்தபோது வேட்டையுரிமையும் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. குதிரையும் பெரும் நாய்க்கூட்டமும் வைத்திருந்தவர் குதிரைக்கு ஈடுகொடுக்கும் நெட்டைக்கால் நாய்களை விரும்பினார். நடந்தே வேட்டைக்குச் செல்லும் விவசாயிக்கோ தன் நடைக்கு ஏற்ற வேகத்தில் போகும் நாய் தேவைப்பட்டது. மெதுவாக ஓடும் நாய்க்கு முன்னால் முயலும் பதறிக்கொண்டு நெடுந்தூரம் ஓடிவிடாது. தன் வளையைச் சுற்றியே வட்டமடிக்கும். துப்பாக்கியுடன் நிற்பவருக்கு அதுதான் வேண்டும்.

கால்களைச் சோதிக்கும்போது பாஸே ஹவுண்ட் என்னும் பெயர்பெற்ற நாயை மனத்திலிருந்து அகற்றிவிட வேண்டும். தரையைத் தொடும் காது, மடிந்து தொங்கும் தோல், கனத்த வளைந்த முன்னங்கால் ஆகியவை அதற்குரியவை. பெத்தி பாஸேயை முன்னாலிருந்து பார்த்தால் முன்னங்கால்கள் ஏறக்குறைய நேராக இறங்க வேண்டும். எலும்பு உறுதியாக இருக்க வேண்டும், ஆனால் பருமனாகத் தெரியக் கூடாது. உடல் உயரத்தைவிட நீளமானதுதான்; என்றாலும் முதுகு தொய்ந்து நீண்டு கிடக்கக் கூடாது. பக்கவாட்டில் நடக்கவிட்டுப் பாருங்கள்: உருண்டு அசைந்து போகாமல், இலகுவாகத் துள்ளி நடக்க வேண்டும். எடை 11 முதல் 18 கிலோ வரை இருக்கும். பார்வைக்குச் சிறியதாகத் தெரியும் நாயைத் தூக்கும்போது எதிர்பாராத கனம் கையில் தெரிந்தால் வியக்க வேண்டாம், மார்புக்கூடு ஆழமானது.

பெத்தி: அளந்து அறிதல்

கடினமான பகுதி இதுதான். பெத்தி பாஸேக்கும் கிராந் பாஸேக்கும் உள்ள வேறுபாட்டில் பழகியவர்களும் தடுமாறுவதுண்டு. அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. பால் தெஸாமியைத் தலைவராகக் கொண்டு 1907இல் வாந்தே பாஸே நாய்களுக்கான சங்கம் தொடங்கியபோது இரண்டும் ஒரே இனத்தின் இரண்டு அளவுகளாகவே கருதப்பட்டன. ஒரே தாய் ஒரே ஈற்றில் ஈன்ற குட்டிகளில் உயர்ந்தவை கிராந் என்றும் தாழ்ந்தவை பெத்தி என்றும் பதிவாயின. 1950களில் அதே குடும்பத்தைச் சேர்ந்த அபெல் தெஸாமி பெத்திக்குத் தனி வரையறை வகுத்தார். 1970களில் இரண்டையும் கலந்து இணைசேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. சற்றேறக்குறைய அரை நூற்றாண்டுப் பிரிவுதான் என்பதால், பெத்தி ஈற்றில் கிராந் சாயலுள்ள குட்டி தலைகாட்டுவது இன்றும் உண்டு.

முதலில் உயரம். சமதளமான தரையில், சுவரை ஒட்டி, நான்கு கால்களும் உடலுக்கு நேர்கீழே இருக்குமாறு நாயை நிறுத்துங்கள். தலையைத் தூக்கிப் பிடிக்கவோ குனியவைக்கவோ வேண்டாம். இரண்டுமே அளவை மாற்றும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் தோள்மேட்டில் ரோமத்தை விரலால் விலக்கி, எலும்பின் மேல் ஓர் அடிமட்டத்தைக் கிடையாக வைத்துச் சுவரில் கோடிட்டு, தரையிலிருந்து அக்கோட்டின் உயரத்தை அளக்க வேண்டும். ரோமத்தின் மேலேயே வைத்து அளந்தால் அளவு கூடிவிடும், கிராந் என்று முடிவுசெய்து ஏமாறுவீர்கள். பெத்திக்கு உரிய உயரம் 34 முதல் 38 செ.மீ. வரை, ஒரு செ.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம். கிராந் பாஸேயின் ஆண் நாய் 40 முதல் 44 வரையும் பெண் நாய் 39 முதல் 43 வரையும் இருக்கும்.

உயரத்தால் மட்டும் தீர்ப்பளிக்க வேண்டாம். அடுத்து காது. நாயின் எதிரே அமர்ந்து, காதை மெதுவாக மூஞ்சியின் பக்கமாக முன்னோக்கி நீட்டிப் பாருங்கள். இழுக்கக் கூடாது; காது தன் எடையில் எதுவரை வருமோ அதுவரை போதும். பெத்தியின் காது மூக்கின் நுனியை எட்டாமல் சற்று முன்னே நின்றுவிடும். கிராந்தின் காது நுனியைத் தாண்டிப் போகும். அளக்கும்போது காதின் தோல்நுனியைத்தான் பார்க்க வேண்டும், அதிலிருந்து தொங்கும் ரோமத்தை அல்ல. காது கண்மட்டத்துக்குக் கீழே தொடங்கி, நுனி நீள்வட்டமாக முடிந்து, உள்நோக்கித் திரும்பியிருப்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது மூஞ்சி. கண்களுக்கு இடையே உள்ள நெற்றிப்பள்ளத்திலிருந்து மூக்குநுனி வரை ஓர் அளவு. அதே பள்ளத்திலிருந்து பின்மண்டையின் புடைத்த எலும்பு வரை ஓர் அளவு. பெத்தியில் முன்னது பின்னதைவிடச் சற்றுக் குறைவு. கிராந்தில் மூஞ்சியே நீளம். அதனால்தான் கிராந்தின் முகத்தில் ஒரு பெருந்தன்மையும், பெத்தியின் முகத்தில் ஒரு குறும்பும் தெரிகின்றன. நான்காவது வால்: பெத்தியினுடையது குட்டையாக, அடியில் தடித்து நுனியில் குறுகி, வாள்போல மேல்நோக்கி நிற்கும், கிராந்தினுடையது நீளமானது. புதருக்குள் நாய் மறைந்துபோனபின் வெளியே தெரிவது அந்த வால் ஒன்றுதான்.

நான்கு சோதனைகளும் ஒரே விடை தந்தால் ஐயமில்லை. உயரம் பெத்தி, தலை கிராந் என்று வந்தால், நாய் உள்ளளவில் நல்ல நாயாக இருந்தாலும், இரண்டு இனங்களின் பழைய கலப்பு அதில் பேசுகிறது என்று கொள்ளலாம். வம்சப்பத்திரம் இருக்குமானால் அதில் 67 என்ற எண் பெத்திக்கும் 33 கிராந் பாஸேக்கும் உரியவை.

பெயரில் சொல்லப்படாத இரண்டு: மூக்கும் குரலும்

இனத்தின் பெயர் சொல்லாமல் விட்ட இரண்டும் அதன் தொழிலுக்கு இன்றியமையாதவை. தடத்தின் வாசனையைப் பற்றிய நாய் குரல் கொடுத்துக்கொண்டே தொடர வேண்டும். பேசாமல் துரத்தும் நாயை வேட்டைக்காரர் விரும்புவதில்லை. புதருக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதால், வெளியே நிற்பவர் காதால்தான் வேட்டையைப் பார்க்கிறார். கேட்கும் முறையை எளிதில் பழகிக்கொள்ளலாம். நாய் ஒற்றைக் குரலாக, விட்டுவிட்டுக் குரைத்தால் பழைய தடத்தை அவிழ்த்துக்கொண்டிருக்கிறது. குரல் திடீரெனக் கூர்மையாகி இடைவெளியின்றி வந்தால் முயல் எழும்பிவிட்டது. ஓடிக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றால் தடம் அறுந்தது என்று பொருள். முயல் தன் தடத்திலேயே திரும்பி ஓடிப் பக்கவாட்டில் தாவியிருக்கலாம். அப்போது நல்ல நாய் பதறி முன்னே ஓடாமல், தடத்தை இழந்த இடத்துக்கே திரும்பிவந்து சிறு வட்டமாகத் தேடத் தொடங்கும். அந்த அமைதியான சில நொடிகளில் நாயின் அறிவு தெரியும்.

இந்த வேட்டையின் அடித்தளமே ஒருமுறை சரிந்தது. 1952 ஜூனில், பாரிஸுக்கு மேற்கே மைபுவா என்னுமிடத்தில் இருந்த தன் தோட்டத்தில் முயல்கள் மிகுந்துவிட்டன என்று ஆர்மான் தெலீல் என்னும் மருத்துவப் பேராசிரியர் மிக்ஸோமா என்னும் முயல்கொல்லி வைரஸைச் சில முயல்களுக்கு ஊசியால் செலுத்திவிட்டார். மதில் சூழ்ந்த தோட்டம், நோய் வெளியே போகாது என்பது அவர் கணக்கு. ஓரிரு ஆண்டுகளுக்குள் பிரான்ஸின் வளைமுயல்களில் பெரும்பகுதி மாண்டது. நோய் எல்லை கடந்து மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் பரவிற்று. வளைமுயலையே நம்பியிருந்த ஒரு நாய் இனத்துக்கு இது எத்தகைய அடி என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெத்தி பாஸேக்களை ரோ மானின் மீதும் காட்டுப்பன்றியின் மீதும் விடுவது இன்று பிரான்ஸில் இயல்பாகிவிட்டது; 38 செ.மீ. உயரமுள்ள நாய் காட்டுப்பன்றியின் முன்னே நின்று குரைப்பதைக் கண்டவர்கள் இந்த இனத்தை மடிநாய் என்று சொல்லமாட்டார்கள்.

வளர்க்க எண்ணுபவர் செய்ய வேண்டியவை

வெளியே சாத்தான், வீட்டில் தேவதை என்று இந்த நாயைப் பற்றி அதன் ஆர்வலர்களிடையே ஒரு சொல் வழங்குகிறது. இரண்டாம் பாதியை மட்டும் கேட்டுக் குட்டி வாங்குபவர்கள்தான் பின்னர் அல்லலுறுகிறார்கள். மனிதரிடமும் மற்ற நாய்களிடமும் இணக்கமானது என்பது உண்மை. கூட்டமாக வேட்டையாடிய இனம் என்பதால் தனிமை பிடிக்காது. ஆனால் மூக்கு தடத்தில் பட்ட நொடியில் காது அடைத்துக்கொள்ளும். கூப்பிட்டால் வரும் பழக்கத்தை இரண்டு மூன்று மாதக் குட்டியிலேயே தொடங்க வேண்டும். திறந்த வெளியில் பத்து மீட்டர் நீளமுள்ள வாரில் கட்டித்தான் ஓடவிட வேண்டும். அதட்டிப் பணியவைக்க முயல்வது பயன் தராது. இந்த நாய் பிடிவாதத்தால் மறுப்பதில்லை; எஜமானர் கண்ணில் படாதபோதும் தானே முடிவெடுத்துத் தடத்தைத் தொடர வேண்டும் என்றுதான் அதனைத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள்.

வேலியை மேலிருந்து பார்ப்பதைவிடக் கீழிருந்து பாருங்கள். தாவுவதைவிடத் தோண்டுவதில் வல்லது. கம்பிவலையின் அடிப்பகுதியை ஓர் அடி ஆழமாவது மண்ணுக்குள் புதைப்பது நல்லது. சுவரொட்டிய வீடுகளில் வசிப்பவர் குரலைப் பற்றி இருமுறை யோசிக்க வேண்டும். அரை மைல் தூரத்தில் நிற்கும் வேட்டைக்காரருக்குக் கேட்பதற்காக வளர்க்கப்பட்ட குரல் அது. இரட்டை ரோமம் குளிர்ந்த ஈரநாட்டுக்கு உரியது என்பதையும் மறக்க வேண்டாம். நம் ஊர்க் கோடையில் இதனை வளர்ப்பது நாய்க்கு நன்மையன்று என்பதே என் கருத்து; வெப்பநாட்டில் ஏற்கெனவே ஒன்று வீட்டிலிருந்தால் விடியற்காலையிலும் இரவிலும் மட்டுமே நடக்க அழைத்துச் செல்லுங்கள், ரோமத்தை மழித்துவிட வேண்டாம்.

குட்டி வாங்குமுன் கேட்க வேண்டிய உடல்நலக் கேள்விகள் இரண்டு. முதலாவது கண்ணழுத்த நோய். இந்த இனத்தில் அதற்குக் காரணமான ஏ.டி.ஏ.எம்.டி.எஸ்.17 மரபணுக் குறை 2015இல் கண்டறியப்பட்டு, அதற்கான மரபணுப் பரிசோதனையும் வந்துவிட்டது. குறை ஒடுங்கு பண்பு என்பதால், பெற்றோர் இருவரும் வெளியே நலமாகத் தெரிந்துகொண்டே குறையைத் தாங்கியிருக்கலாம். அப்படி இரண்டு நாய்கள் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே தாய், தந்தை இரண்டின் பரிசோதனை முடிவையும் எழுத்தில் கேளுங்கள். ஒன்று மட்டுமாவது குறையற்றது என்றால் நோயுற்ற குட்டி பிறக்காது. இரண்டாவது, மூளையுறையிலும் அதன் ரத்தக்குழாய்களிலும் அழற்சி உண்டாக்கும் நோய். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் வருகிறது. நாய் கழுத்தைத் திருப்ப மறுக்கும், காய்ச்சல் அடிக்கும், தலையைத் தாழ்த்தியே நிற்கும். ஸ்டீராய்டு மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் நோய் இது. கழுத்துச் சுளுக்கு என்று எண்ணி நாள் கடத்துவதுதான் ஆபத்து. இவற்றை விட்டால் பொதுவாக உறுதியான நாய்; 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்வது இயல்பு.

அன்றாடப் பராமரிப்பு அதிகமில்லை. வாரம் ஒருமுறை அகன்ற பல்சீப்பால் அடிவரை சீவி, தாடியில் உலர்ந்த உணவைக் கழுவினால் போதும். காது மட்டும் வேறு: உள்ளே ரோமம் வளர்ந்து, மேலே தோல் மூடித் தொங்குவதால் காற்றுப் புகாமல் ஈரம் தங்கும். வெளியே சென்று வந்த ஒவ்வொரு முறையும் காதைப் புரட்டி முகர்ந்து பாருங்கள். புளித்த வாசனை வந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்படியே நான்கு பாதங்களையும் தூக்கி, விரல்களின் இடுக்கில் உள்ள ரோமத்தை விலக்கி முள் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நாய் நொண்டும்வரை காத்திருக்க வேண்டாம். புதருக்காகப் பிறந்த இந்த நாய் பாதத்தில் முள் ஏறியபின்னும் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.